தோட்டா நிரப்பும் ஜெயலீலா

ஜெயலீலாவுக்கு எதையும் தூக்கிப் போட மனசே வராது. ஹூஸ்டனை ஒட்டிய சுகர்லேண்டில் அவள் வீட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்தால் காலி ஊறுகாய் பாட்டிலும் காபிப்பொடி டப்பாவும் வரிசை கட்டி நிற்கும். ஐஸ்கிரீம் டப்பா என்று ஆசையாகத் திறந்து புளிக்குழம்பைப் பார்த்து ஏமாந்தவர்கள் அந்த ஊர்த் தமிழ்ச் சபையில் பாதிப் பேர். இந்தக் குணத்தால் அவள் ஒருநாள் துப்பாக்கித் தோட்டா செய்ய உட்காருவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

பிறந்தது நாகர்கோவில். படித்தது ரத்தப் பரிசோதனை. வேலை, ஹூஸ்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில். அங்கே ஒரு பை ரத்தம் வெளியே போக வேண்டுமென்றால் நோயாளி பெயரையும் ரத்த வகையையும் இரண்டு பேர் வாய்விட்டுப் படித்து ஒத்துப்பார்க்க வேண்டும். பத்து வருஷம் அப்படிப் படித்துப் படித்து, வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டது. அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்த்துவிட்டு, கதவைப் பூட்டி, திரும்பத் திறந்து, மறுபடியும் அடுப்பைப் பார்ப்பாள். காரில் காத்திருக்கும் கணவர் ரூஃபஸ் ஹாரன் அடிப்பார்.

அந்த ரூஃபஸ் இருக்கிறாரே, அவர் வேறு ஜாதி மனுஷர். வாய் ஓயாது, கையும் ஓயாது. ஹூஸ்டனை அடுத்த பசடீனாவில் கெமிக்கல் பிளான்ட்டில் என்ஜினியர். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் சுற்றி இருக்கும் நாலு டெக்ஸாஸ்காரர்களுக்கும் பங்கு வைத்துவிட்டு இவர் வெறும் தயிர்சாதம் சாப்பிடுவார். சட்டை நன்றாயிருக்கிறதே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு வீட்டுக்கு வந்துவிடுவார். அப்படிப் பழகின நண்பர்கள்தான் அவரைத் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு இழுத்துப் போனார்கள். போன வேகத்தில் ஒரு பிஸ்டலும் வாங்கிவிட்டார்.

வீட்டில் பூகம்பம். "பிள்ள இருக்கிற வீட்ல துப்பாக்கியா? உங்களுக்கு மூள இருக்கா?" என்று ஜெயலீலா கேட்ட கேள்வி தெருமுனை வரை கேட்டது. இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவியை அவள் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்ட பிறகுதான் சமாதானம் ஆனது.

"ஒரு தடவ வந்து பாரு லீலா. பாத்துட்டு திட்டு" என்று ரூஃபஸ் கெஞ்சினார். திட்டுவதற்கென்றே போனாள். ரோசன்பெர்க் தாண்டி, பசுமாடுகள் மேயும் வெளியில், மண்மேடு கட்டிய ஒரு மைதானம். கிளப்பை நடத்துகிற டார்லீன் அவளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். காது மூடியையும் கண்ணாடியையும் மாட்டிவிட்டு அவள் சொன்ன முதல் பாடம் சுடுவதைப் பற்றியே அல்ல. "இங்கே யார் வேண்டுமானாலும் 'சீஸ் ஃபயர்' என்று கத்தலாம். குழந்தை கத்தினாலும் எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவோம். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்வோம்" என்றாள். அந்தப் பேச்சு ஜெயலீலாவுக்குப் பிடித்துப்போயிற்று. இது ரத்த வங்கி மாதிரியே இருக்கிறதே!

ரூஃபஸ் சுட்டார். குறி அட்டை காற்றில் ஆடியதே தவிர வேறு சேதம் இல்லை. ஜெயலீலா சுட்டாள். அட்டையின் நடுவில் ஐந்து ஓட்டை, ஒரு இட்லி அகலத்துக்குள். டார்லீன் விசில் அடித்தாள். ரூஃபஸ் அங்கிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு, "மை வைஃப்! மை வைஃப்!" என்று அட்டையைக் காட்டினார். திட்டு மறந்துபோனது.

ஆனால் அவளை நிஜமாகவே மயக்கியது குறி அட்டை இல்லை, தரை. சுட்டு முடித்ததும் ஆளாளுக்குக் குனிந்து எதையோ பொறுக்கினார்கள். பிஸ்டல் சுடச்சுடத் துப்பிய பித்தளைக் கூடுகள். இந்தக் குப்பை எதற்கு என்று கேட்டாள். "குப்பையா? இதைத் திரும்ப நிரப்பலாமே" என்றாள் டார்லீன். அடியில் பொத்தான் மாதிரி இருக்கும் பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்து, அளந்து வெடிமருந்து போட்டு, மேலே ஈயக்குண்டை அழுத்தினால் மறுபடியும் தோட்டா. காலி டப்பாவுக்கு இப்படி ஒரு மறுபிறவியா! அன்று வீடு திரும்பும்போது ஜெயலீலாவின் ஹேண்ட்பேக் முழுக்கப் பித்தளை.

அதற்கப்புறம் கராஜ் ரூஃபஸுக்குச் சொந்தமில்லை. அவருடைய கார் வெயிலில் நின்றது. உள்ளே ஒரு மேஜை, தோட்டா அழுத்தும் ஒரு பிரஸ், ஒரு குட்டித் தராசு, தடிமனாய் இரண்டு கைப்புத்தகம். எந்த மருந்து, எந்தக் குண்டு, எவ்வளவு என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருப்பதற்கு ஒரு துளி மேலே போக மாட்டாள். கிளப்பில் யாராவது "நான் இவ்வளவு போடுவேன்" என்று ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள், ஈயம் கையில் ஒட்டுமாம். கராஜில் யாரும் காபி குடிக்கக்கூடக் கூடாது.

கூடுகளைச் சுத்தம் பண்ணுவதில்தான் நாகர்கோவில் தலைகாட்டியது. பித்தளை என்றால் புளி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முதல் தடவை ஒரு வாளிப் புளித்தண்ணீரில் கூடுகளைப் போட்டவள், டியூட்டிக்குப் போய்விட்டு மறுநாள்தான் எடுத்தாள். எல்லாம் ரோஸ் கலரில் இருந்தன. அடடா, என்ன அழகு என்று டார்லீனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். டார்லீன் முகம் மாறிவிட்டது. புளிப்பு அதிக நேரம் பட்டால் பித்தளையில் இருக்கும் துத்தநாகம் போய்விடும், மிஞ்சுவது செம்பு. கூட்டுக்குப் பலம் இருக்காது, வெடித்துவிடும் என்றாள். மனசே இல்லாமல், ஒவ்வொன்றையும் குறட்டால் நசுக்கிக் குப்பையில் போட்டாள் ஜெயலீலா. அதற்கப்புறம் வெறும் வெந்நீரும் கொஞ்சம் சோப்பும்தான். டிரைவ்வேயில் பழைய சேலையை விரித்து வடகம் காயப்போடுகிற மாதிரி காயப்போடுவாள். ஈரம் துளி இருந்தாலும் மருந்து கெட்டுவிடும் என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். விரிசல் கண்டால் நசுக்கல்தான்.

மகள் ஜெபினாவுக்கு இதில் ஏகப் பெருமை. ஸ்கூலில் அம்மா என்ன செய்வாள் என்று கேட்டதற்கு, "ஷி வொர்க்ஸ் வித் பிளட், அண்ட் ஷி மேக்ஸ் அம்மோ" என்று ரத்தத்தையும் தோட்டாவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. டீச்சர் போன் பண்ணி விசாரித்தார். டெக்ஸாஸ்காரர் அல்லவா, முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவரும் கிளப்பில் சேர்ந்துகொண்டார்.

சபையில்தான் கேலி. "லீலா அக்கா வீட்டுக்குப் போனா டீ கெடைக்குமா, தோட்டா கெடைக்குமா?" என்பார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். ஆனால் ஒரு சட்டத்தில் சிரிப்பே கிடையாது. கராஜ் கதவுக் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கினால் உள்ளே மருந்து ஊற்றுகிறாள் என்று அர்த்தம். வீடு பற்றி எரிந்தாலொழிய யாரும் கதவைத் திறக்கக் கூடாது, போனைக் கொண்டுவந்து நீட்டக் கூடாது. ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்ட ரூஃபஸுக்கு ஒரு கூட்டைத் தூக்கிக் காட்டி விளக்கினாள். "இதுல மருந்து பாதிகூட வராது. பேச்சு மும்முரத்துல அதே கூட்டுல ரெண்டாவது தடவ ஊத்துனாலும் வெளிய சிந்தாது, பாத்துக்கிடுங்க. மேல குண்ட வச்சு மூடிட்டா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசமே தெரியாது. சுடுறவன் கையில துப்பாக்கி வெடிக்கும்போதுதான் தெரியும்."

இன்னொரு சட்டமும் உண்டு. அவள் நிரப்பிய தோட்டாவை அவள் மட்டும்தான் சுடுவாள். ரூஃபஸுக்குக்கூடக் கடையில் வாங்கியதுதான்.

முதலில் எல்லாம் அவள் கட்டைப் பலகையில் கூடுகளை நிறுத்தி, வரிசையாய் மருந்து ஊற்றி, டார்ச் அடித்து எல்லாவற்றிலும் மட்டம் ஒன்றாயிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குண்டு வைப்பாள். நிதானமான வேலை. தொண்ணூற்றேழாம் வருஷம் வசந்தகாலத்தில் டார்லீன் பெண்கள் அணி ஒன்று சேர்த்தாள். பக்கத்து கவுன்ட்டி கிளப்போடு போட்டி. அதற்குப் பயிற்சி, பயிற்சிக்குத் தோட்டா, கட்டைப் பலகை வேலைக்கு ஆகவில்லை. ரூஃபஸ் பிறந்தநாள் பரிசாகப் புது பிரஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தார். வட்டத் தட்டில் நாலு இடம். ஒரு தரம் கைப்பிடியை இழுத்தால் ஓரிடத்தில் பிரைமர், அடுத்ததில் மருந்து, அதற்கடுத்ததில் குண்டு என்று எல்லாம் ஒன்றாய் நடக்கும். பிறகு தட்டைக் கையால் ஒரு இடம் திருப்பிவிட வேண்டும். திருப்ப மறந்து மறுபடி இழுத்தால் அதே கூட்டில் மறுபடி மருந்து விழும். அதற்குத்தான் குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டையும் எட்டிப் பார்ப்பது. எட்டிப் பார்க்க மேலே ஒரு குட்டி பல்பும் மாட்டியிருந்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம். உள்கதவில் சிவப்புத் துண்டு தொங்கியது. ஆனால் ஹூஸ்டன் புழுக்கம் தாங்காமல் வாசல் பக்கத்து ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்தாள். அந்தப் பக்கம் துண்டு ஏது?

"என்ன மக்களே, கராஜ்ல என்ன செய்யுதிய?"

ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தவர் ஞானசிகாமணி அங்கிள். சபை மூப்பர், ரிட்டயரான தலைமையாசிரியர், ஆறு மாசம் மகன் வீட்டோடு இருக்க வந்தவர். பின்னாலேயே அவர் மனைவி செல்லபாய் ஆன்ட்டி, கையில் நேந்திரங்காய் சிப்ஸ்.

கைப்பிடியை அப்போதுதான் இழுத்து மேலே விட்டிருந்தாள் ஜெயலீலா. "வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி. உள்ள போவோம்."

"நாளைக்கு மேட்ச்சாமே? ரூஃபஸ் போன்ல சொன்னான். உள்ள எதுக்கு, நிக்கிற எடத்துலயே ஒரு வார்த்த ஜெபிச்சுருவோம்" என்று அங்கிள் கண்ணை மூடிவிட்டார்.

பெரியவர் ஜெபம் என்று கண்ணை மூடிவிட்டால் அப்புறம் என்ன செய்ய முடியும்? நாகர்கோவில் பிள்ளை, கையில் என்ன இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுக் கண்ணை மூடித் தலைகுனிந்தாக வேண்டும். பொங்குகிற பாலைப் பொங்க விட்டுக்கூட நின்றிருக்கிறாள். கைப்பிடியில் கை, துப்பட்டா தலையில், கண் மூடியாகிவிட்டது. அங்கிளுடைய ஒரு வார்த்தை சாமான்யமானது இல்லை. அமெரிக்க அதிபரில் தொடங்கி, ஹூஸ்டன் மழை, மகனின் கிரீன் கார்டு, தன் முழங்கால் வலி, நாகர்கோவிலில் கோர்ட்டில் கிடக்கும் வேலித் தகராறு எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, கடைசியில் "இந்த மேட்ச்சையும் ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று கரைசேர்ந்தது. ஆமென் என்றார். ஆமென் என்று கண்ணைத் திறந்த ஜெயலீலா கைப்பிடியை இழுத்தாள்.

அங்கிள் முழங்கால் கதையை இப்போது அவளிடமும் சொல்ல ஆரம்பித்தார். "ஆமா அங்கிள்... ஐயோ, அப்படியா அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் நாலைந்து முறை இழுத்து, தட்டில் மிச்சமிருந்ததை முடித்துப் பெட்டியில் தள்ளினாள். பிறகு காபி, சிப்ஸ், இருந்து சாப்பிட்டுப் போங்க என்று ரூஃபஸின் வற்புறுத்தல், இடியாப்பம். அவர்களை அனுப்பிவிட்டு வந்து தோட்டாக்களைப் பெட்டிகளில் அடுக்கி மூடினாள். ஒரு நெருடலும் இல்லை. நன்றாய்த் தூங்கினாள்.

காலையில் கிளப்பே திருவிழா மாதிரி இருந்தது. பக்கத்து கவுன்ட்டிப் பெண்கள் ஒரே மாதிரி மஞ்சள் சட்டையில் வந்திருந்தார்கள். ஜெயலீலா இடுப்பு பெல்ட்டில் தோட்டா அடைக்கும் மேகஸின்களை நிரப்பிச் செருகிக்கொண்டாள். பிஸ்டல் இன்னும் பைக்குள்தான். சுடும் கோட்டில் போய் நின்று, சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும். ரூஃபஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவோர் வருவோருக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

போட்டி தொடங்கும் முன் டார்லீன் தொப்பியைக் கழற்றி, "தலைகுனிந்து ஜெபிப்போம்" என்றாள். அந்த ஊர் வழக்கம் அது. ஜெயலீலா கண்ணை மூடினாள்.

கண்ணை மூடிய இருட்டில் கராஜ் வந்து நின்றது. கைப்பிடியில் தன் கை. மேலே விட்ட கைப்பிடி. அங்கிள் குரல். ஆமென். பிறகு இழுத்தது. நடுவில் தட்டைத் திருப்பினேனா?

நினைத்து நினைத்துப் பார்த்தாள். கைப்பிடி ஞாபகம் இருந்தது, தட்டு ஞாபகம் இல்லை. சரி, குண்டு வைக்கும்போது எட்டிப் பார்த்தேனே? எங்கே பார்த்தேன், அங்கிளின் முழங்காலை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்! நேற்று நிரப்பியதில் ஏதோ ஒன்றில் இரண்டு பங்கு மருந்து இருக்கலாம். எது? எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கிறது.

டார்லீன் ஆமென் சொல்லி முடிக்கும் முன் ஜெயலீலா தன் பையிடம் ஓடினாள். பெட்டிகளை எடுத்து வெளியே வைத்தாள். ஒன்று குறைந்தது.

"ஏங்க! இதுல இன்னொரு பெட்டி எங்க?"

"அதுவா? நம்ம லெராய்க்குக் குடுத்தேன். புதுசா பிஸ்டல் வாங்கியிருக்கான் பாவம், தோட்டா கொண்டுவர மறந்துட்டானாம். என் வைஃப் கையால செஞ்சது, ட்ரை பண்ணிப் பாருன்னேன்" என்றார் ரூஃபஸ், ஏதோ அதிரசம் கொடுத்த மாதிரி.

"என்னத்தக் குடுத்தீங்க?"

"ஏன் பிள்ளே, உன் தோட்டாவ ஊரே மெச்சணும்னுதானே..."

அவள் முழுதாய்க் கேட்கவில்லை. அந்தக் கோடியில், பயிற்சி சுடுகிற இடத்தில், லெராய் நின்றிருந்தான். பிளான்ட்டில் ரூஃபஸோடு வேலை பார்க்கிற மலை மாதிரி ஆள். மேகஸினைப் பிஸ்டலுக்குள் தள்ளி, மேல்பாகத்தை இழுத்துவிட்டு, கையை நீட்டிக் குறிபார்த்துக்கொண்டிருந்தான்.

அமெரிக்காவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் வெளியிடத்தில் ஜெயலீலா குரல் உயர்த்தியதே இல்லை. ஆஸ்பத்திரியில் "லிட்டில் லவுடர், ப்ளீஸ்" என்பார்கள். அந்த வாயிலிருந்து அன்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள்! நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற தொண்டை அது.

"சீஸ் ஃபயர்! சீஸ் ஃபயர்! சீஸ் ஃபயர்!"

மைதானம் மொத்தமும் கல்லாய் நின்றது. லெராயின் விரல் விசையிலிருந்து வெளியே வந்தது. பிஸ்டலை மேஜைமேல் மெதுவாய் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். எல்லார் கண்ணும் அவள் மேல்.

இப்போது சொல்லியாக வேண்டும். அவள்தான் கிளப்பில் கவனத்துக்குப் பெயர்போனவள். புதுசாய்த் தோட்டா நிரப்ப வருகிறவர்களிடம் "போய் ஜெயா எப்படிச் செய்கிறாள் என்று பார்" என்று டார்லீன் சொல்லுவாள். அந்தப் பெயர் இதோடு போச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்காமல், அந்தப் பெட்டியை மட்டும் நைசாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியும் விட்டது. தோன்றிய வேகத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இந்தத் தோட்டாக்கள் நான் நிரப்பியவை. நேற்று நடுவில் நான் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஒன்றில் இரண்டு தரம் மருந்து விழுந்திருக்கலாம் என்று சந்தேகம். நிச்சயமாய்த் தெரியாது. என் தப்புதான். யாரும் சுடாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை. லெராய்தான் முதலில் பேசினான். "மேடம், நான் இரண்டு சுட்டுவிட்டேன்" என்று தன் இரண்டு கையையும் தூக்கித் திருப்பிக் காட்டினான். "எல்லாம் பத்திரமாய் இருக்கிறது." அப்போதுதான் சிரித்தார்கள், அவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

ரூஃபஸ் முகத்தில் ஈயாடவில்லை. "என்னால வந்தது லீலா. நீ படிச்சுப் படிச்சுச் சொன்ன, யாருக்கும் குடுக்காதீங்கன்னு..."

"இப்ப அழுது என்ன ஆகப்போகுது? சுத்தியல எடுங்க" என்றாள்.

தோட்டாவைப் பிரிக்க ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் உண்டு. தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டித் தரையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் தனியே கழன்று வரும். அவள் பையில் ஒன்று இருந்தது, கிளப் கொட்டகையில் இன்னும் இரண்டு. போட்டியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, மரத்தடி மேஜையில் பெட்டிகளைக் கவிழ்த்தாள் டார்லீன். கல்யாண வீட்டில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்த மாதிரி ஆளாளுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தர் தட்ட, ஒருத்தர் மருந்தைக் கிண்ணத்தில் கொட்டி மட்டம் பார்க்க, ஒருத்தர் பித்தளையைத் தனியே போட. எதிரணி மஞ்சள் சட்டைப் பெண்களும் வந்து கைகொடுத்தார்கள். மரத்தடியே அதிர்ந்தது. குறுக்கே வந்து ஜெபித்தவர் யார் என்று ஜெயலீலா சொல்லப்போக, "ஞானசிகாமணி" என்ற பெயரைச் சொல்லிப் பார்க்கும் போட்டி வேறு நடந்தது. லெராய் நாலு தரம் முயன்று, "ஐ கிவ் அப்" என்று விட்டுவிட்டான்.

கடைசிப் பெட்டியும் காலியானது. எல்லாக் கிண்ணத்திலும் ஒரே அளவு மருந்து. தப்பு ஒன்றுகூட இல்லை.

"பார்த்தாயா, நீ சரியாய்த்தான் செய்திருக்கிறாய்" என்று டார்லீன் முதுகில் தட்டினாள். ஜெயலீலாவுக்கு ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் மானம் போகிற மாதிரி இருந்தது. ஒன்றுமில்லாததற்கு இத்தனை பேரையும் கத்திக் கலவரப்படுத்தி, மரத்தடியில் உட்காரவைத்து வேலையும் வாங்கியாயிற்றே.

ரூஃபஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "லீலா, அதையும் குடு" என்றார்.

"எத?"

"இடுப்புல இருக்கிறத."

பெல்ட்டில் செருகிய மேகஸின்களை அவள் மறந்தே போயிருந்தாள். லெராயைப் பற்றிக் கவலைப்பட்டவளுக்குத் தன் இடுப்பு ஞாபகத்துக்கே வரவில்லை. கழற்றிக் கொடுத்தாள். முதல் மேகஸினின் மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் தள்ளி எடுத்தார் ரூஃபஸ். சுத்தியலில் மாட்டி மூன்று தட்டு தட்டினார். கிண்ணத்தில் கொட்டினார்.

யாருக்கும் தராசு தேவைப்படவில்லை. கண்ணுக்கே தெரிந்தது. மற்ற கிண்ணங்களில் இருந்ததைப் போல இரண்டு பங்கு.

டார்லீன் அதைக் கொட்டகைத் தராசில் வைத்துப் பார்த்தாள். முள்ளை எல்லாருக்கும் காட்டினாள். கோட்டில் போய் நின்றதும் ஜெயலீலா முதலில் சுட்டிருக்க வேண்டிய தோட்டா அது. லெராய் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

மிச்சமிருந்ததையும் ஒன்று விடாமல் தட்டிப் பார்த்தார்கள். வேறு எதிலும் தப்பில்லை. டார்லீன் கொட்டகையிலிருந்து கடைத் தோட்டா பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, "சுடுகிறாயா? இல்லையென்றாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டோம்" என்றாள். "சுடுவேன்" என்றாள் ஜெயலீலா. குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

ரூஃபஸ் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. ஜெயலீலா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அந்த ஆளுக்காகக் கத்துறேன்னுதான் நெனச்சேன். எனக்கே கத்தியிருக்கேன், பாத்தீங்களா?" என்றாள்.

அவர் ஈரம் காயாத அவள் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கோட்டிலிருந்து டார்லீன் அவள் பெயரைக் கூப்பிட்டாள். அவர் விடவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். மஞ்சள் சட்டைப் பெண்கள் வேறு பக்கம் பார்க்கிற மாதிரி நின்றார்கள்.

"கைய விடுங்க" என்றாள் ஜெயலீலா சிரித்துக்கொண்டே. "அந்தக் கையாலதான் சுடணும்."